ஜன்னலும் இல்லை, 13-ஆம் வரிசையும் இல்லை: 11ஏ இருக்கையில் ஒரு பயணம்

ஜன்னலோர இருக்கை என்று கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு எனக்குச் சுவரைக் கொடுத்தார்கள். போயிங் 737-800 விமானம், இருக்கை எண் 11ஏ. விமான நிறுவனத்தின் தளத்தில் இருக்கை வரைபடத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். அதில் மற்ற ஜன்னலோர இருக்கைகளுக்கு என்ன அடையாளமோ அதே அடையாளம்தான் இதற்கும் இருந்தது. உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால் வெளிறிய பிளாஸ்டிக் பலகை. முன் இருக்கைக்காரரின் ஜன்னலில் ஒரு கீற்று தெரியவேண்டுமானால் கழுத்தை நன்றாக எக்க வேண்டும்.

அங்கே ஜன்னல் இல்லாததற்கு நியாயமான காரணம் இருக்கிறது. 737-இன் வயிற்றுப் பகுதியில் உள்ள குளிர்சாதன அமைப்பிலிருந்து காற்று கூரைக்குப் போயாக வேண்டும். அதைக் கொண்டுபோகும் குழாய் இறக்கைக்குச் சற்று முன்னால், பக்கச் சுவருக்குள் ஏறுகிறது. குழாய் இருக்கும் இடத்தில் ஜன்னல் வைக்க முடியாது. இந்த விமானத்தில் அது 11ஏ-க்கு நேராக வந்திருக்கிறது. பொறியாளர்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை. வரைபடத்தில் ஒரு வரி எழுதி எச்சரிக்காதவர்கள் மேல்தான் கோபம்.

இருக்கை மோசமில்லை. முழங்கால் முன்னால் இடிக்கவில்லை, சாய்மானம் சுமார். பணிப்பெண்கள் பொறுமையாகவும் மரியாதையாகவும் நடந்துகொண்டார்கள். விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பி, நேரத்துக்கே போய்ச் சேர்ந்தது.

என்னை உறுத்தியது வேறொன்று. தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் தீ விபத்து ஒத்திகை நடத்துவது என் வேலை. எந்த விமானத்தில் ஏறினாலும் சீட் பெல்ட் போடுவதற்கு முன், அவசர வழிக்கு எத்தனை இருக்கை முதுகுகள் என்று எண்ணிவிடுவேன். இந்த முறை பின்பக்கமாக எண்ணியபோது நான்காவது வரிசையில் இறக்கை மேலுள்ள அவசர வழி வந்தது. மேலே ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தேன்: 16. நான் இருப்பது 11. கழித்தால் ஐந்து வர வேண்டும். மறுபடியும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 12, அடுத்தது 14. நடுவில் ஒரு வரிசையின் பெயரே இல்லை.

விசாரித்தபோது, 13 என்றால் சில பயணிகள் உட்காரத் தயங்குகிறார்கள், அதனால் அந்த எண்ணை வைப்பதில்லை என்று பணிப்பெண் சொன்னார். இந்த ஒரு நிறுவனம் மட்டும் இப்படிச் செய்வதில்லை. ஏர் பிரான்ஸ் விமானங்களிலும் 13-ஆம் வரிசை கிடையாது. லுஃப்தான்சா ஒரு படி மேலே போய் 17-ஐயும் விட்டுவிடுகிறது. இத்தாலியிலும் பிரேசிலிலும் 17 ஆகாத எண் என்பது அவர்கள் சொல்லும் காரணம். உலகமெங்கும் பயணிகளை ஏற்றும் ஒரு நிறுவனம் ஒவ்வொரு நாட்டின் பயத்துக்கும் ஒரு வரிசையை நீக்கத் தொடங்கினால் எங்கே போய் நிற்பது? இத்தனைக்கும் நீங்குவது பெயர் மட்டும்தான். முன்னாலிருந்து எண்ணினால் பதின்மூன்றாவதாக வரும் மூன்று மூன்று இருக்கைகள் அப்படியே அங்கேதான் இருக்கின்றன, அவற்றில் ஆட்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இது.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று பக்கத்து இருக்கை இளைஞர் கேட்டார். "நம் இடத்திலிருந்து பின்னால் உள்ள அவசர வழிக்கு எத்தனை வரிசை இருக்கிறது, சொல்லுங்கள்" என்றேன். அவர் இருக்கை முதுகுகளைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து எண்களைப் பார்த்து, "ஐந்து வரிசை, மேடம்" என்றார். பிறகு விரலை நீட்டி எண்ணச் சொன்னேன். நான்கு. சந்தேகப்பட்டு இன்னொரு முறை எண்ணினார். அதன்பின் பாதுகாப்பு அட்டையை எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார்.

புகை சூழ்ந்த இடத்தில் கண் உதவாது, கைதான் உதவும். ஒத்திகைகளில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். விமானத்தில் தரையோரம் ஒளிரும் கோடுகள் உண்டு, அவை நல்ல ஏற்பாடு. ஆனால் நடைவழியில் முன்னும் பின்னும் ஆட்கள் நெருக்கும்போது, இருக்கை முதுகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டு நகர்வதுதான் உறுதியான வழி. இறக்கை மேலுள்ள வழி நடைவழியின் முடிவில் இல்லை, பக்கவாட்டில் இருக்கிறது. ஐந்து என்று மனத்தில் வைத்திருப்பவர் நான்காவதில் திரும்பாமல் அதைத் தாண்டிப் போய்விடுவார். 737-800-இல் அதற்கு அடுத்த வரிசையிலும் ஒரு வழி இருப்பதால் இந்த இடத்தில் தப்பித்துக்கொள்ளலாம். இறக்கைக்கு மேல் பக்கத்துக்கு ஒரே வழி உள்ள சிறிய ரகங்களில் அந்த வாய்ப்பும் கிடையாது.

கிரீனிச் பல்கலைக்கழகத்தின் எட் கலியா, விபத்துகளில் உயிர் தப்பியவர்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், எந்த வழியாக வெளியேறினார்கள் என்று நெடுங்காலம் ஆராய்ந்தவர். தப்பியவர்கள் சராசரியாக ஐந்து வரிசை தூரம் நகர்ந்து வெளியே வந்திருக்கிறார்கள் என்பது அவர் கண்டது. புதிய ரக விமானத்துக்கு அனுமதி வாங்கும்போதே, பாதி வழிகளை மட்டும் பயன்படுத்தி 90 வினாடிக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று நிரூபிக்க வேண்டும். ஐந்து வரிசையும் 90 வினாடியும் கணக்காக இருக்கும் இடத்தில் ஒரு வரிசைப் பிழையை நாமே எழுதி ஒட்டுவானேன்?

எண் பயத்துக்கு இந்தத் துறை வளைந்துகொடுப்பது புதிதில்லை. பிரஸ்ஸல்ஸ் ஏர்லைன்ஸ் தொடங்கும் தறுவாயில், 'பி' எழுத்து வடிவத்தில் 13 புள்ளிகள் கொண்ட சின்னத்தை வெளியிட்டது. பயணிகள் சிலர் முறையிட்டதும் பதினான்காவதாக ஒரு புள்ளி சேர்த்தார்கள். சின்னத்தில் ஒரு புள்ளி கூடினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஃபின்னேர் நேர்மாறாக, கோபன்ஹேகனிலிருந்து ஹெல்சின்கிக்கு, கிறிஸ்தவ மரபில் சாத்தானின் எண் என்று பயப்படும் 666 என்ற எண்ணிலேயே நெடுநாள் விமானம் விட்டது. மேற்கு நாடுகளில் ஆகாத நாள் என்று கருதும் 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை வந்தபோதும் நிறுத்தவில்லை. 2017 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை அன்று அந்தக் கூட்டு கடைசியாக அமைந்தது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. அதே மாதக் கடைசியில் எண்ணை 954 என்று மாற்றினார்கள்.

191 என்ற எண்ணைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். 1979 மே 25 அன்று சிகாகோவில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 191 விழுந்து, தரையில் இருந்த இருவரையும் சேர்த்து 273 பேர் இறந்தார்கள். 1985 ஆகஸ்ட் 2 அன்று டல்லஸில் டெல்டா 191 விழுந்தது. 137 பேர் இறந்தார்கள். 2006-இல் லெக்சிங்டனில் விழுந்த காம்ஏர் விமானத்தின் எண் 5191. அதில் 49 பேர். வரிசையாகப் படித்தால் யாருக்கும் வயிற்றைப் பிசையும். ஆனால் விசாரணை அறிக்கைகள் சொல்லும் காரணங்களைப் பாருங்கள். சிகாகோவில், பராமரிப்பின்போது என்ஜினை அதன் தாங்கியோடு சேர்த்துக் கழற்றி மாட்டியதில் தாங்கி சேதமடைந்திருந்தது. டல்லஸில், இடிமேகத்திலிருந்து செங்குத்தாக இறங்கிய காற்று. லெக்சிங்டனில், விமானிகள் தவறான, குட்டையான ஓடுபாதையில் புறப்பட்டுவிட்டார்கள். மூன்றும் மூன்று விதம். டல்லஸ் விபத்துக்குப் பிறகுதான் காற்றின் வேகமும் திசையும் திடீரென்று மாறுவதை (இதைக் 'காற்று வெட்டு' என்பார்கள்) முன்கூட்டிக் காட்டும் கருவிகள் விமானங்களுக்கு வந்தன. 191-ஐப் பழித்துவிட்டு எழுந்து போயிருந்தால் அந்தக் கருவி வந்திருக்காது.

விபத்துக்குப் பின் அந்த விமானத்தின் எண்ணுக்கு ஓய்வு கொடுத்து வைப்பது வேறு விஷயம், அதை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். மலேசியா ஏர்லைன்ஸ் 2014-இல் 370, 17 என்ற எண்களில் பறந்த இரண்டு விமானங்களை இழந்த பிறகு அந்த எண்களைப் பயன்படுத்துவதில்லை. அறிவிப்புப் பலகையில் அந்த எண் மறுபடி ஒளிர்ந்தால், உறவைப் பறிகொடுத்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு எப்படி நிற்பார்கள்? அது துக்கத்துக்குக் கொடுக்கும் மரியாதை. 13-ஆம் வரிசையை மறைப்பதில் அப்படி யாருடைய துக்கமும் இல்லை.

இறங்கியதும் நிறுவனத்தின் கருத்துப் படிவத்தில் இரண்டு கோரிக்கைகள் எழுதினேன். 11ஏ-க்கு ஜன்னல் இல்லை என்று வரைபடத்தில் போடுங்கள், கூடுதல் பணமும் வாங்காதீர்கள். வரிசைக்கு 13 என்று எண் போடுங்கள். அது முடியாது என்றால், அவசர வழிக்கு எத்தனை இருக்கை முதுகுகள் என்பதை ஒவ்வொரு முன் இருக்கையின் பின்புறமும் சிறிய ஒட்டுத்தாளில் அச்சிடுங்கள். செலவு அதிகமாகாது. இன்னும் பதில் வரவில்லை.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். தூங்கிக்கொண்டே போக நினைப்பவர்களுக்கு 11ஏ நல்ல இடம். வெயில் அடிக்காது, தலை சாய்க்கச் சுவர் இருக்கிறது. வெளியே பார்க்க ஆசைப்படுபவர்கள் இரண்டு மூன்று வரிசை முன்னால் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே உட்கார்ந்தாலும் தலைக்கு மேலுள்ள எண்ணை நம்பாமல், இருக்கை முதுகுகளை எண்ணிக்கொள்ளுங்கள்.