"48 நாள் விரத சேலஞ்ச்" என்று காசு கேட்டால் கட்டாதீர்கள்

"மண்டல விரத சேலஞ்ச், 48 நாளில் புது உடம்பு" என்று இன்ஸ்டாகிராமில் வரும் விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். என் தங்கை கட்டினாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவள் எடை எவ்வளவு இருந்தது, எவ்வளவு குறைந்தது என்று எழுத மாட்டேன். இதே கஷ்டத்தில் இருப்பவர்கள் அந்த எண்ணைப் பார்த்தால் அதோடு போட்டி போடத் தொடங்கிவிடுவார்கள்.

கட்டணம் 4,999 ரூபாய். யாரோ ஒருவரின் சொந்த நம்பருக்கு ஜிபே பண்ணச் சொன்னார்கள். ரசீது கிடையாது. கட்டியதும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். நடத்துகிறவர் தன்னை "மெட்டபாலிக் கோச்" என்று சொல்லிக்கொள்கிறார். சர்க்கரை இருக்கிறதா, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, சாப்பாட்டு விஷயத்தில் முன்னாடி ஏதாவது பிரச்சினை இருந்ததா, இதில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை. உயரம், எடை, ஒரு போட்டோ, அவ்வளவுதான் வாங்கினார்.

முதலில் ஒரு வேளைச் சாப்பாடு. அப்புறம் அதுவும் போய், தண்ணீரும் அவர்களே விற்கிற பவுடரும் மட்டும் என்று நாட்கள் ஓடின. தினமும் காலையில் எடை மெஷினில் நின்று போட்டோ போட வேண்டும். எடை குறையாதவர்களின் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி வைப்பார்கள், குழுவில் எல்லோரும் பார்க்கும்படி. தலை சுற்றுகிறது என்று எழுதினால், "நச்சு வெளியேறுது, பயப்படாதீங்க" என்று பதில் வரும். அப்படி எந்த நச்சும் வெளியேறுவதில்லை. உடம்பின் கழிவை அகற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன, அதற்குப் பட்டினி தேவையில்லை. சாப்பிடாமல் இருப்பவருக்குத் தலை சுற்றுவது ரத்த அழுத்தமோ, சர்க்கரையோ, உப்புச்சத்தோ இறங்குவதால். அதே குழுவில் சர்க்கரை மாத்திரை போடுகிற ஒருவர், விரதத்தன்று மாத்திரையை என்ன செய்வது என்று கேட்டார். "உங்க உடம்பு சொல்றதைக் கேளுங்க" என்றார் கோச். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் ரத்தச் சர்க்கரை இறங்கி மயங்கி விழுவார்கள். உயிருக்கே ஆபத்தான பதில் அது. இன்று நினைத்தாலும் எனக்குப் பதறுகிறது.

ஆனால் இந்த வியாபாரத்தின் சூட்சுமமே இதற்கு அப்புறம்தான் இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

தங்கை ராத்திரியில் எழுந்து சாப்பிடத் தொடங்கினாள். பானையில் மிச்சமிருந்த சோறு, பிஸ்கட், காய்ச்சாத பால், கையில் கிடைத்த எல்லாம். வயிறு வலிக்கும்வரை நிறுத்த முடியாது. காலையில் அழுவாள், அன்றைக்கு முழுப் பட்டினி கிடப்பாள், ராத்திரி மறுபடியும் அதேதான். பீரோவுக்குப் பின்னால் பிஸ்கட் கவர்களை ஒளித்து வைத்திருந்ததை அம்மாதான் கண்டுபிடித்தார். இதை அவள் கோச்சிடம் சொன்னபோது, "உனக்கு மன உறுதி இல்லை, ரீசெட் பேக்கேஜ் எடு" என்று இன்னொரு 3,500 ரூபாய் வாங்கினார்கள். ரீசெட் என்றால் இன்னும் கடுமையான பட்டினி. அதற்குப் பிறகு இன்னும் பெரிய தீனி. அப்புறம் அடுத்த பேக்கேஜ்.

மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 1944-45ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், உடலும் மனமும் நன்றாக இருக்கிறவர்களாகத் தேர்ந்தெடுத்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் ஏறக்குறைய பாதி உணவு மட்டும் கொடுத்துப் பார்த்தார். அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். மறுபடி வேண்டியதைச் சாப்பிடலாம் என்றானதும் பலர் அளவில்லாமல் சாப்பிட்டார்கள், வயிறு நிறைந்தும் பசி அடங்கவில்லை. பட்டினி போட்ட உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும். இது இந்தக் கோச்சுகளுக்குத் தெரியாது என்றால், அவர்கள் இந்தத் தொழிலில் இருக்கவே கூடாது. தெரிந்தே செய்கிறார்கள் என்றால் அது இன்னும் மோசம்.

தங்கை பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்த பிறகுதான் எங்களுக்கு முழுக் கதையும் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பொட்டாசியம் இறங்கியிருந்தது, இசிஜியிலும் மாற்றம். மாதவிடாய் நின்று போயிருந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் வயிறு நிறையச் சாப்பாடு போட்டால் சரியாகிவிடும் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது டாக்டர் தடுத்தார். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியத்தை செல்களுக்குள் இழுத்துவிடும். இதயத் துடிப்பே தடுமாறலாம். இரண்டாம் உலகப் போரில் பட்டினி கிடந்து விடுதலையான கைதிகள் சிலர் சாப்பிடத் தொடங்கிய பிறகு இறந்தது இப்படித்தான்.

ஸ்காட்லாந்தில் ஒருவர் ஓராண்டுக்கு மேல் சாப்பிடாமல் இருந்தார் என்ற கதையைக் குழுவில் அடிக்கடி போடுவார்கள். அது 1965-66ல் நடந்த உண்மைதான். ஆனால் அவர் டண்டீ நகரத்து டாக்டர்களின் கண்காணிப்பில், ரத்தப் பரிசோதனையும் வைட்டமினும் பொட்டாசியமுமாக இருந்தவர். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியிலேயே பட்டினிச் சிகிச்சை எடுத்தவர்களில் சிலர் இறந்தும் போனார்கள், அதனால்தான் மருத்துவர்கள் அதைக் கைவிட்டார்கள். இந்தப் பாதியைக் கோச் சொல்ல மாட்டார்.

"நம்ம பாரம்பரியம்தானே" என்று சொல்லியே விற்கிறார்கள் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். சபரிமலைக்கு மாலை போட்டு மண்டல விரதம் இருப்பவர்கள் பட்டினி கிடப்பதில்லை, சைவமாகச் சாப்பிடுகிறார்கள். எங்கள் பாட்டி சஷ்டிக்கு விரதம் இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், மறுநாள் முடிந்துவிடும். உடம்பு சரியில்லாதவளை விரதம் இருக்க விடவே மாட்டார். எடை மெஷினுக்கும் சிவப்புப் புள்ளிக்கும் அங்கே என்ன வேலை?

இப்போது தங்கை ஒரு மனநல மருத்துவரிடமும் தகுதியுள்ள உணவியல் நிபுணரிடமும் போகிறாள். சிகிச்சையின் முதல் பாடம் மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுவது, ராத்திரி அதிகம் சாப்பிட்டிருந்தாலும் காலை இட்லியைத் தவிர்க்கக் கூடாது. கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுவது 2013 முதல் அமெரிக்க மனநலக் கையேட்டில் தனி நோயாகவே இருக்கிறது. பேச்சு வழிச் சிகிச்சை நன்றாக உதவுகிறது. எங்கே போவது என்று தெரியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழையுங்கள், இலவசம், தமிழிலும் பேசலாம். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, விடாத வாந்தி என்றால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் தங்கையைக் குழுவிலிருந்து நீக்கி, எங்கள் நம்பரையும் பிளாக் செய்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிவு செய்திருக்கிறோம். அந்தக் குழுவில் இன்னும் இருப்பவர்கள், வெளியே வருவதற்கு முன் வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள், ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வையுங்கள். பவுடர் டப்பாவைக் கோபத்தில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். லேபிளோடு அப்படியே இருக்கட்டும், உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் புகார் கொடுக்க அது வேண்டும்.