பரிசாக வரும் போஜொலே நூவோ: அலமாரியில் வைக்காதீர்கள்
பரிசாக வரும் ஒயின்களில் அதிகம் பாழாவது போஜொலே நூவோதான் என்று நினைக்கிறேன், பழசாக ஆக ருசி கூடும் என்று நம்பி நாம்தான் அதைப் பத்திரப்படுத்திவிடுகிறோம். இது அந்த ரகமே இல்லை. பிரான்சில் லியோனுக்கு வடக்கே விளையும் கமே திராட்சையைக் குலையோடு மூடிய தொட்டியில் போட்டு, கார்பன் டை ஆக்சைடு சூழ நொதிக்கவிட்டு, சில வாரங்களிலேயே பாட்டிலில் அடைத்து, நவம்பர் மாதம் மூன்றாவது வியாழக்கிழமை விற்பனைக்கு விடுகிறார்கள். 1985 முதல் அந்த நாள்தான். துவர்ப்பு குறைவு, அதனால் நெடுநாள் தாங்காது.

எனக்கு வந்த பாட்டில் இரண்டு வருடம் பழையது. பழ வாசனை சுத்தமாகப் போய், வெறும் புளிப்புத் தண்ணீர் மாதிரி இருந்தது. கொடுத்த நண்பர் மேல் ஒரு வருத்தமும் இல்லை, லேபிளில் ஆண்டு தெளிவாக இருந்தும் ஒன்றும் சொல்லாமல் அவரிடம் முழு விலைக்கு விற்ற கடை மேல்தான் கோபம்.

சரி, புதிதாகக் கிடைத்தால்? லேசாகக் குளிரவைத்துக் குடிக்கலாம், ஸ்ட்ராபெரியும் வாழைப்பழமும் கலந்த வாசனை, கோழி வறுவலோடு நன்றாகவே போகும். ஆனால் பரிசு கொடுக்க அதே பகுதியின் மோர்கோன் அல்லது மூலான் ஆ வான் வாங்குங்கள், அதுவும் கமேதான், சில வருடங்கள் தாங்கும்.