எந்த வீடியோ லாரிங்கோஸ்கோப்? கழுவுகிறவரையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ உள்ள ஆதார வைத்தியசாலை ஒன்றிடம் புலம்பெயர்ந்தோர் சங்கம் ஒன்று, "வீடியோ லாரிங்கோஸ்கோப் ஒன்று வாங்கித் தருகிறோம், எது வேணும்?" என்று கேட்டால், திரையின் தெளிவைப் பார்த்துப் பதில் எழுதிவிடாதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் சுவாச டியூப் போடும்போது குரல்வளையைத் திரையில் காட்டும், கமரா பொருத்திய கருவி அது. நாங்கள் தெரிந்தெடுத்தது, மெகின்டோஷ் எனப்படும் பழைய கமரா இல்லாத லாரிங்கோஸ்கோப்பின் வளைவுள்ள, கழுவித் திரும்பப் பாவிக்கும் உலோக பிளேட் (வாய்க்குள் போகும் அலகு) வகை. அதே கைப்பிடியில் மாட்டக்கூடிய அதிவளைவு பிளேட் ஒன்றும் கூடவே இருக்கிறது. கீழே உள்ள ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்ததுதான்.

சாதாரண மெகின்டோஷைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1943 முதல் இருக்கிறது. வெளிச்சம் மினுங்கினால் பல்பை இறுக்கினால் போதும். வீடியோ வந்தாலும் அது தட்டை விட்டுப் போகக் கூடாது. ஆனால் முதல் முயற்சியிலேயே டியூப் உள்ளே போவதில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. அமெரிக்காவின் அவசர, அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 1417 பேரில் நடந்து 2023 இல் வெளியான ஆய்வில், முதல் முயற்சியில் வெற்றி வீடியோவுடன் 85.1 வீதம், கமரா இல்லாத நேர்ப் பார்வையில் 70.8 வீதம். டியூப் போட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் பயிற்சியில் இருந்த வைத்தியர்கள். இரவு இரண்டு மணிக்கு நம் ஊர்களில் அந்த வேலையைச் செய்கிறவரும் அநேகமாக இளம் வைத்திய அதிகாரிதான் என்பதால் அந்த எண் நமக்கும் பொருந்தும்.

ஆக, உண்மையான போட்டி வீடியோ வகைகளுக்குள்தான்.

அதிவளைவு பிளேட் சுமார் 60 பாகை வளைந்தது. கழுத்தை அசைக்கக் கூடாதவருக்கும், குரல்வளை முன்பக்கம் ஏறி ஒளிந்திருப்பவருக்கும் அதுவே கை கொடுக்கும். கிளீவ்லன்டில் நடந்து 2024 இல் வெளியான பெரிய ஆய்வில், ஒரு தடவைக்கு மேல் முயல வேண்டி வந்தது அதிவளைவில் 1.7 வீதம், நேர்ப் பார்வையில் 7.6 வீதம். குறை சொல்ல முடியாத எண். ஆனால் இந்தக் கருவியில் பார்ப்பது சுலபம், போடுவதுதான் கஷ்டம். நாக்கை ஒதுக்காமல் நடுக்கோட்டிலேயே இறக்க வேண்டும். குரல்நாண்கள் திரையை நிரப்பும் அளவுக்குக் கிட்டப் போனால் டியூபுக்கு இடமிருக்காது. பிளேட்டைச் சற்றுப் பின்னிழுத்து, குரல்வளை வாசல் திரையின் மேற்பாதியில் நிற்க, பாதி தெரிந்தாலே போதும் என்று விட வேண்டும். டியூபுக்குள் இருக்கும் வளையும் கம்பியான ஸ்டைலெட்டையும் பிளேட்டின் வளைவுக்கே வளைக்க வேண்டும். டியூப் நுனி வாசலைத் தொட்டதும் உதவியாளர் ஸ்டைலெட்டை 3, 4 செ.மீ. பின்னிழுப்பார். இழுக்காமல் தள்ளினால் நுனி மூச்சுக்குழாயின் முன்சுவரில் முட்டி நிற்கும். அப்படி முட்டினால் டியூபை வலஞ்சுழியாக 90 பாகை திருப்புங்கள், பெரும்பாலும் வழுக்கி இறங்கும். இதைவிட ஆபத்து, டியூப் வாய்க்குள் நுழையும்போதே கண் திரையில் ஒட்டிக்கொள்வது. நுனி நாக்கின் அடியைத் தாண்டும்வரை வாயைத்தான் பார்க்க வேண்டும். மென்னண்ணமும் டொன்சில் பக்கத்துச் சதையும் கிழிவது அந்த இரண்டு செக்கன் குருட்டு நேரத்தில்தான்.

மெகின்டோஷ் வளைவுள்ள வீடியோவுக்கு இந்தப் புதுப் பழக்கங்கள் வேண்டாம். வலப்பக்கம் நுழைத்து, நாக்கை இடப்பக்கம் ஒதுக்கி, நாக்கடிப் பள்ளத்தில் நுனியை வைத்துத் தூக்குவது பழைய கைப்பழக்கமேதான். டியூபுக்கு வழிகாட்டும் மெல்லிய கோலான பூஜி நேராகப் போகும். திரை செத்தால் குனிந்து கண்ணாலேயே பார்க்கலாம், கையில் இருப்பது மெகின்டோஷ்தானே. குரல்வளை தெரிவதற்காகக் கழுத்தை வெளியிலிருந்து அழுத்தும் தாதிக்குத் தன் அழுத்தம் என்ன செய்கிறது என்று திரையில் தெரியும். பக்கத்தில் நிற்கும் வைத்திய நிபுணர் "கொஞ்சம் வெளியே எடு, இடது பக்கம்" என்று சொல்ல முடியும். பழக்குகிற இடத்தில் இதற்கு விலையே இல்லை.

இனி கழுவும் விடயம். எங்கள் தெரிவைத் தீர்மானித்தது இதுதான்.

ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் பிளேட் வகை சுத்தம், வசதி, தொற்றுப் பயமும் குறைவு. ஆனால் நன்கொடைப் பெட்டியில் வருவது ஒரு கைப்பிடியும் சில பத்து பிளேட்களும். அவை தீர்ந்த நாளில் கைப்பிடி அலுமாரிக்குப் போய்விடும். அந்தக் கம்பனியின் பிளேட் தவிர வேறெதுவும் அதில் ஏறாது. மக்ராத் என்ற கம்பனிப் பெயருள்ள வகையில் பற்றரியும் அப்படியே: 250 நிமிடம், சார்ஜ் ஏறாது, தீர்ந்தால் அதே பற்றரிதான் வேண்டும். 2022 இல் டொலர் இல்லாமல் சாதாரண மருந்துக்கே தட்டுப்பாடு வந்த நாட்டில், கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்துகொண்டு இதை நம்பக் கூடாது.

உலோக பிளேட்டுக்கும் கூலி உண்டு. நோயாளியிடமிருந்து எடுத்த உடனேயே துடைக்க வேண்டும், சளி காய்ந்தால் வில்லையின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு என்சைம் கரைசலில் ஊறவைத்து, மென்தூரிகையால் தேய்த்து, அலசி உலர்த்தி, 0.55 வீத ஓபிஏ என்ற கிருமிநீக்கிக் கரைசலில் குறைந்தது 12 நிமிடம், பின் புதுப்புது நீரில் மூன்று தடவை அலசல். ஈரத்தோடு கரைசலில் போட்டால் கரைசல் நீர்த்துப்போகும். எவ்வளவு சுறுசுறுப்பாகச் செய்தாலும் ஒரு பிளேட் திரும்பி வர 40 நிமிடம் ஆகும். எனவே 3 ஆம் அளவில் இரண்டு, 4 ஆம் அளவில் ஒன்று, அதற்குக் குறைய வேண்டாம். மூன்றும் கழுவுமிடத்தில் இருந்தால் பழைய மெகின்டோஷ்.

பழுதாவது கமரா என்று நினைப்பார்கள். உண்மையில் முதலில் போவது மின்தொடுமுனைகள். வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஊரின் உப்புக்காற்றில், மூடி போடாமல் கழுவியவை பச்சை பூத்துவிடும், திரை விட்டுவிட்டு மின்னும். அடுத்தது ஓட்டோகிளேவ் எனும் நீராவிக் கிருமிநீக்கி. மெகின்டோஷ் பிளேட்களுக்கும் இதற்கும் சிற்றூழியருக்கு வித்தியாசம் தெரியாமல் 134 பாகையில் போனால் ஒரே சுற்றில் வில்லையின் பசை விட்டுவிடும். பெரும்பாலானவை அந்தச் சூட்டுக்குச் செய்யப்பட்டவை அல்ல. தனி நிறத் தட்டு வைத்து, "ஓட்டோகிளேவ் வேண்டாம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள்.

மூட்டம் இன்னொரு தொல்லை. தியேட்டர் குளிரில் கிடந்த கருவியை வெக்கையும் ஈரமும் உள்ள வாட்டுக்குக் கொண்டுபோனால், ஐஸ் சோடாப் போத்தல் மாதிரி உடனே வியர்க்கும். வெளியே கொண்டுபோக ஒன்று தேவையென்றால் அதை ஏசி இல்லாத இடத்திலேயே வையுங்கள். முடியாவிட்டால் பிளேட் நுனியை ஒரு நிமிடம் இளஞ்சூட்டு நீரில் பிடித்துத் துடைத்தால் போதும்.

இந்தக் கமராக்கள் தடுமாறும் இடங்களும் உண்டு. பூச்சிநாசினி குடித்தவரின் வாயில் சளி கொப்பளிக்கும்போது வில்லை ஒரு நொடியில் மறைந்துவிடும். உறிஞ்சுகுழாயை முன்னே விட்டு, பிளேட்டை அதன் பின்னால் இறக்க வேண்டும். வெற்றிலை பாக்கால் வாய் இறுகி, பல்லிடைவெளி 2 செ.மீற்றருக்குக் கீழே போனவருக்கு இந்த பிளேட்கள் நுழையவே நுழையாது. அவரை மயக்காமல், நெகிழ்கமரா (வளையும் குழாய்க் கமரா) உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். மாறாக, இரவில் கட்டுவிரியன் கடித்து மூச்சுத் தளர்ந்து வருபவரில் இந்த வகை நன்றாகவே வேலை செய்யும். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் நாங்கள் இதைச் சில தடவைகளே பாவித்திருக்கிறோம், அதனால் அங்கே எங்கள் சிபாரிசைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

ஒன்று மட்டும். திரையில் டியூப் உள்ளே போவதைக் கண்டாலும் கப்னோகிராஃபில் (வெளிமூச்சின் கார்பன் டைஒக்சைட்டை அலையாகக் காட்டும் கருவி) அலை வராவிட்டால் அது மூச்சுக்குழாயில் இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் கப்னோகிராஃப் இன்னும் இல்லையென்றால், சங்கத்துக்கு எழுதும் பதிலில் முதல் வரியில் அதைக் கேளுங்கள். லாரிங்கோஸ்கோப் இரண்டாம் வரியில் வரட்டும்.