புருவச் சுளிப்புக்கு நான்கு மாத விடுப்பு: ஓர் அழகுச் சிகிச்சை மையத்தைப் பற்றிய மதிப்புரை

எனக்கு வயது 53, கணித ஆசிரியை. இரண்டு புருவங்களுக்கும் நடுவே, மூக்குத் தண்டின் உச்சியிலிருந்து நெற்றியை நோக்கி ஏறும் இரு செங்குத்துக் கோடுகள் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. முன்பெல்லாம் முகம் சுளிக்கும்போது மட்டும் தோன்றி மறைந்துகொண்டிருந்த அவை, அண்மைக்காலமாக முகம் சும்மா இருக்கும் வேளையிலும் மறையாமல் நின்றுவிட்டன. ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால், "என்ன டீச்சர், யார் மேல கோபம்?" என்றோ, "உடம்பு சரியில்லையா?" என்றோ நாளுக்கு ஒருவராவது கேட்பார். இரண்டும் இல்லை என்று விளக்கிச் சலித்துப்போன பிறகே இந்த மையத்தின் படியேறினேன். ஆறு மாதத்தில் நான்கு முறை சென்றிருக்கிறேன்: முக மதிப்பீட்டுக்கு ஒருமுறை, ஊசிக்கு ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து அதன் விளைவைக் காட்ட ஒருமுறை, இமை அறுவை சிகிச்சை பற்றி ஆலோசனை கேட்க ஒருமுறை. மையத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

வரவேற்பு, காத்திருப்பு, தூய்மை ஆகியவற்றில் குறை சொல்ல ஏதுமில்லை. நிரப்பக் கொடுத்த படிவமும் நன்கு யோசித்துத் தயாரிக்கப்பட்டிருந்தது. நரம்பு, தசை நோய்கள் உண்டா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறீர்களா என்ற வழக்கமான கேள்விகளோடு, முகத்தின் அந்தக் குறையைப் பற்றி ஒரு நாளில் எவ்வளவு நேரம் நினைக்கிறீர்கள், அதற்காக வெளியே செல்வதைத் தவிர்த்ததுண்டா என்றும் கேட்டிருந்தார்கள். பிறர் கண்ணுக்குப் படாத குறையை எண்ணி எண்ணி மருகும் நிலை ஒரு மனநோய் என்பதை இத்தாலிய மருத்துவர் என்ரிகோ மோர்செல்லி 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பெயரிட்டு விவரித்திருக்கிறார். அத்தகையவர்களுக்குக் கத்தியோ ஊசியோ நிம்மதி தருவது அரிது என்பதால், இக்கேள்விகள் சடங்குக்காகக் கேட்கப்படுபவை அல்ல. ஆனால் அந்தப் படிவத்தின் அக்கறை அடுத்த அறைக்குள் தொடரவில்லை.

அடுத்த அறையில் இருந்தது முகத்தைப் படமெடுக்கும் கருவி. தாடையை ஒரு தாங்கியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டால், சாதாரண ஒளியிலும் புற ஊதா ஒளியிலும் அது படங்கள் எடுக்கிறது. சில நிமிடங்களில் என் தோலுக்கு 61 வயது என்று திரையில் எழுத்து வந்தது. என்னைவிட எட்டு வயது மூத்த தோலைப் போர்த்திக்கொண்டு நடமாடுகிறேன் என்ற செய்தியை, கருவியை இயக்கிய பெண் ஒரு மதிப்பெண் பட்டியலை நீட்டும் பாவனையில் சொன்னார். எண்களோடு வாழ்பவள் என்பதால், இந்த 61 எதனோடு ஒப்பிட்டுக் கணக்கிடப்பட்டது, யாருடைய தோல்கள் அளவுகோலாக இருந்தன, பிழை எல்லை எவ்வளவு என்று கேட்டேன். "அது மெஷினே கணக்குப் போடும், மேடம்" என்பதுதான் பதில். புற ஊதாப் படத்தில் என் கன்னங்கள் முழுவதும் கரும்புள்ளிகள் தெரிந்தன. தோலுக்குள் இருக்கும் நிறமியைச் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாத அளவிலேயே அந்த ஒளி எடுத்துக்காட்டும் என்பது உண்மைதான். தோல் மருத்துவர்களுக்கு அது பயனுள்ள தகவல். ஆனால் என்னோடு வாழ்கிறவர்களும் பணியாற்றுகிறவர்களும் என்னைப் புற ஊதா ஒளியில் பார்ப்பதில்லை.

கருவிக்குப் பின் ஆலோசகர். இவர் மருத்துவர் அல்லர். இந்த வேறுபாட்டை அவராகச் சொல்லவில்லை, நான் கேட்ட பிறகே சொன்னார். ஒரே ஒரு வேலைக்காகச் சென்ற நான், அரை மணி நேரத்தில் ஏழு வேலைகள் அடங்கிய தாளோடு எழுந்தேன். கண்ணுக்குக் கீழ்ப் பள்ளம், கன்னத்தின் இறக்கம், தாடைக்கோட்டின் தளர்வு, மேலுதட்டின் மெலிவு என்று அவர் பேனா முனையால் சுட்டிக்கொண்டே வந்தபோது, அதுவரை ஒரு முகமாக இருந்தது பழுதுபார்க்க வேண்டிய உறுப்புகளின் பட்டியலாக மாறிப்போனதை என் கண்ணெதிரே கண்டேன். பட்டியலில் மூக்கும் இருந்தது. முன்பதிவின்போது கைபேசியில் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்த படங்களைப் பார்த்து, மூக்கு சற்று அகலம், அதையும் பின்னால் யோசிக்கலாம் என்றார். கையை நீட்டி 30 சென்டிமீட்டர் தூரத்தில் எடுக்கும் படத்தில், ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுக்கும் படத்தைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் வெளியான ஒரு கணக்கீடு காட்டியிருக்கிறது. லென்ஸுக்கு அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்ற இந்தச் சாதாரண வடிவியலை எட்டாம் வகுப்பில் விளக்கிவிடலாம். வாடிக்கையாளரின் கைபேசிப் படத்தை வைத்து மூக்கை எடைபோடும் ஒரு மையத்துக்கு அது தெரியாமலிருப்பதையோ, தெரிந்தும் சொல்லாமலிருப்பதையோ நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் நான் எழுந்து வந்துவிடாததற்குக் காரணம், அடுத்து வந்த மருத்துவர். என்னைவிட வயதில் சற்று மூத்தவராகத் தெரிந்த அவர், ஏழு வேலைகள் அடங்கிய தாளை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "நீங்களாகக் கேட்டது எது?" என்றார். புருவ நடுவே உள்ள கோடுகளைச் சொன்னேன். சுளிக்கச் சொன்னார், புருவத்தை உயர்த்தச் சொன்னார், என் இடப்புறத் தசை வலப்புறத்தைவிட வலுவாக இழுப்பதைக் கண்ணாடியில் காட்டினார். ஊசியில் செலுத்தும் போட்டுலினம் நச்சு (பரவலாக 'போடாக்ஸ்' எனப்படுவது) நரம்பு முனையிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுசெல்லும் அசிட்டைல்கோலின் வெளிவருவதைத் தடுக்கிறது என்பதையும், தசை அசையாதபோது அதன்மேல் உள்ள தோல் மடிவதில்லை என்பதையும், நரம்பு முனை மெல்ல மீள்வதால் மூன்று நான்கு மாதங்களில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும் என்பதையும் தெளிவாக விளக்கினார். இந்தச் சிகிச்சை அழகுக்கென்று பிறந்ததல்ல என்பதும் அவர் சொல்லித்தான் என் நினைவில் பதிந்தது. கனடாவின் வான்கூவர் நகரில், கட்டுக்கடங்காமல் இமை மூடிக்கொள்ளும் நோய்க்காக இந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருந்த கண் மருத்துவர் ஜீன் கரதர்ஸ், நோயாளிகளின் புருவக் கோடுகளும் மறைவதைக் கவனித்தார். தோல் மருத்துவரான கணவர் அலஸ்டேருடன் சேர்ந்து அதை 1992-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். பத்தாண்டுகள் கழித்து, 2002-இல், புருவக் கோடுகளுக்காக இதைப் பயன்படுத்த அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது.

கன்னப் பள்ளங்களுக்கு ஃபில்லர் (பள்ளத்தை நிரப்ப ஊசியால் செலுத்தும் கூழ்) வேண்டாம் என்று மருத்துவரே தடுத்தார். முகம் இறங்குவது தோலின் குற்றம் மட்டுமன்று. தோலுக்கடியில் உள்ள கொழுப்புத் திட்டுகள் வற்றுகின்றன, கண்குழியின் எலும்பு தேய்ந்து குழி விரிகிறது, தாடை எலும்பும் தேய்கிறது, ஆகவே கூரை சரிந்ததற்குச் சுவரையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் தந்த விளக்கம். ஹயலுரோனிக் அமில ஃபில்லரைப் பிடிக்காவிட்டால் நொதி செலுத்திக் கரைத்துவிடலாம் என்றாலும், அது தவறி இரத்தக் குழாய்க்குள் சென்றால் தோல் அழுகுவதும், மிக அரிதாகப் பார்வை போவதும் உண்டு என்பதை நான் கேட்காமலே சொன்னார். ஆலோசகரின் அறையில் இருந்த அரை மணி நேரத்தில் ஒருமுறைகூட 'ஆபத்து' என்ற சொல் காதில் விழவில்லை.

அவர் அதிக நேரம் பேசியது, அந்த மையத்தில் விற்கப்படும் எந்தச் சிகிச்சையைப் பற்றியும் அல்ல, வெயிலைப் பற்றி. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 2012-இல் வெளிவந்த ஒரு படத்தைத் திரையில் காட்டினார். 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயது மனிதர் ஒருவரின் முகம் அது. ஜன்னல் பக்கமிருந்த இடக் கன்னம் தடித்து, ஆழமாகச் சுருங்கி, மறுபாதி அவருடைய தம்பியின் முகம்போல இருந்தது. புற ஊதா ஏ கதிர் கண்ணாடியைத் துளைத்து வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இருக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் நம்பூரில் 900-க்கும் மேற்பட்டோரை நான்கரை ஆண்டுகள் கவனித்த ஆய்வில், சன்ஸ்க்ரீனை நாள்தோறும் பூசியவர்களிடம் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது என்றும் சொன்னார். இருபது வயதில் யாராவது இதை எனக்குச் சொல்லியிருக்கலாம். (சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு.)

ஊசி போட்டுக்கொள்ள ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து இடங்களில், மொத்தம் 20 யூனிட். எறும்புக்கடி அளவுக்கு வலி. நான்கு மணி நேரம் படுக்கக் கூடாது, அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. அன்று மாலை இலேசான தலைவலி இருந்தது. நான்காம் நாள் முதல் புருவம் அசைய மறுத்தது. இரண்டு வாரத்தில் கோடுகள் ஏறக்குறைய மறைந்தன. இமை இறங்கிவிடக்கூடும் என்று எச்சரித்திருந்தார்கள், இறங்கவில்லை. வாக்களித்ததைச் சிகிச்சை அப்படியே நிறைவேற்றியது. ஆசிரியர் அறையில் கோபத்தைப் பற்றிய விசாரிப்புகள் நின்றன. ஒருவர் நன்றாகத் தூங்குகிறீர்கள் போலிருக்கிறது என்றார்.

சிக்கல் வகுப்பறையில் வந்தது. முப்பது ஆண்டுகளாக நான் குரலை உயர்த்திப் பாடம் நடத்தியவள் அல்லள். கடைசி வரிசையில் சலசலப்பு எழுந்தால் கரும்பலகையிலிருந்து திரும்பி ஒரு பார்வை பார்ப்பேன், அடங்கிவிடும். அந்தப் பார்வையில் பாதி வேலையைச் செய்துவந்தது புருவம்தான் என்று எனக்கே தெரியாது. ஊசிக்குப் பிந்தைய வாரங்களில் அதே பார்வையைப் பார்த்தேன். பிள்ளைகள் என்னைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்கள். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். என் அகத்திலிருந்த எரிச்சல் மூன்று மாதம் முகத்துக்கு வந்து சேரவே இல்லை. தொண்டை கட்டியதுதான் மிச்சம். முகத்தின் கோடு என்பது வெறும் தேய்மானம் என்று நினைத்திருந்தேன்; என் தொழிலில் அது ஒரு கருவி என்பதை அது காணாமற்போன பின்புதான் அறிந்தேன்.

இந்த நாட்களில் இன்னொன்றையும் கவனித்தேன். என் வயதுள்ள ஆண் ஆசிரியர் ஒருவருக்கு என்னைவிட ஆழமான புருவக் கோடுகள் உண்டு. அவரை யாரும் உடம்பு சரியில்லையா என்று கேட்டதில்லை. கண்டிப்பான மனிதர் என்று பெயர் வாங்கியிருக்கிறார். என்னை மையத்துக்கு அனுப்பியது என் தசையா, இந்தக் கணக்கா என்ற கேள்விக்கு மதிப்பீட்டுக் கருவியில் இடமில்லை.

மூன்றாம் மாத இறுதியில் இடப்பக்கக் கோடு முதலில் திரும்பியது, மருத்துவர் சொன்ன அந்த வலுவான பக்கம். அதற்கு முன்பே மையத்தின் குறுஞ்செய்திகள் வரத் தொடங்கியிருந்தன. உங்கள் இளமை மங்கத் தொடங்கும் நேரம் இது, இப்போதே பதிவு செய்யுங்கள் என்ற அவற்றின் தொனி, வாகனக் காப்பீடு காலாவதியாவதை நினைவூட்டும் தொனியேதான். நான்காம் முறை சென்றது மேலிமைகளைக் காட்ட. மருத்துவர் பார்வைப் பரப்பைச் சோதித்துவிட்டு, இமைத் தோல் பார்வையை மறைத்தால் அறுவை சிகிச்சைக்குப் பொருளுண்டு, உங்களுக்கு மறைக்கவில்லை, மறைக்கும்போது வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அவர் எதையும் விற்காத அந்தப் பதினைந்து நிமிடமே நான் அங்கே பெற்ற சேவைகளில் தலைசிறந்தது.

ஆகவே, முகத்தில் ஒரு குறிப்பிட்ட தொந்தரவு இருந்து, அது எது என்று உங்களுக்கே தெளிவாகத் தெரிந்திருந்தால், இந்த மருத்துவரை நம்பிச் செல்லலாம். எது என்று தெரியாமல் கண்ணாடி முன் ஏற்பட்ட சோர்வோடு மட்டும் செல்கிறவர்களுக்கு, கருவி அறையும் ஆலோசகர் அறையும் அந்தச் சோர்வை ஏழாகப் பிரித்துப் பெயரிட்டுக் கையில் கொடுத்துவிடும். மருத்துவரை முதலிலும் ஆலோசகரை இறுதியிலும் சந்திக்கும்படி வரிசையை மாற்றினாலே மையத்தின் பாதிக் குறை தீரும்.

ஊசியை நான் புதுப்பிக்கவில்லை. கோடுகள் இரண்டும் திரும்பிவிட்டன. கடைசி வரிசையும் அடங்கிவிட்டது. சென்ற மாதம் மையத்துக்கு எழுதி, புற ஊதாப் படங்கள் உட்பட என் படங்கள் அனைத்தையும் அழிக்கக் கேட்டேன். அழித்துவிட்டோம் என்று இரண்டு நாளில் பணிவான பதில் வந்தது. அதற்கு மறுவாரம், உங்கள் தோலின் வயது 61, இன்றே முன்பதிவு செய்யுங்கள் என்று குறுஞ்செய்தியும் வந்தது.