வண்ணம் தீட்டியதா, வெறும் மரமா? பழைய பிரிட்டிஷ் போலீஸ் தடி வாங்குவோருக்கு

இங்கிலாந்தில் பழைய போலீஸ் தடி தேடினால் கடைசியில் இரண்டு வகைதான் எதிரே நிற்கும். ஒன்று, கிரீடமும் அரசச் சின்னமும் தீட்டிய 19ஆம் நூற்றாண்டுத் தடி. மற்றது, பின்னால் வந்த, கடைந்து மெருகேற்றிய வெறும் மரத் தடி. நான் வாங்கியது முதல் வகை. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அழகில் போட்டியே இல்லை. விலையில் வெறும் தடி மலிவு. பராமரிப்பும் அதற்குத்தான் சுலபம்: பெரும்பாலும் லிக்னம் வைட்டே போன்ற, தண்ணீரில் மூழ்கிவிடும் அளவுக்குக் கனமான மரம். கொஞ்சம் மெழுகு தேய்த்து வைத்தால் போதும். வண்ணத் தடியை வெயில் படாமல் வைக்க வேண்டும்; ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தால் சித்திரம் துணியோடு வந்துவிடும்.

சரி, இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. முடிவு செய்யும் விஷயம் வயது. போலீஸ் தடி 2004 முதல் அங்கே விற்பனைத் தடைப் பட்டியலில் இருக்கிறது. 2021 ஜூலை முதல் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். 100 ஆண்டு தாண்டியவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் தாண்டியது என்று காட்ட வேண்டுமே!

வெறும் தடி இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. வரி வெட்டிய பிடி, தோல் வார் என்ற அமைப்பு விக்டோரியா காலக் கடைசியிலிருந்து 1990கள்வரை பெரிதாக மாறவில்லை. கையில் இருப்பது 1905ஐச் சேர்ந்ததா, 1955ஐச் சேர்ந்ததா? மரத்தில் குத்திய எண் பெரும்பாலும் உதவாது. தயாரிப்பாளர் பெயரும் அப்படித்தான்: பர்மிங்ஹாமின் ஹயாட் நிறுவனம் 18ஆம் நூற்றாண்டில் தொடங்கி 2008வரை நடந்தது.

வண்ணத் தடி தன் ஜாதகத்தை உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. அதில் தீட்டிய அரசரின் முதலெழுத்துகளைப் பாருங்கள்: 'வி.ஆர்.' என்றால் விக்டோரியா, 1837 முதல் 1901 வரை. 'டபிள்யூ.ஆர்.' என்றால் நான்காம் வில்லியம், 1830 முதல் 1837 வரை. 'வி.ஆர்.ஐ.' என்றிருந்தால் விக்டோரியா இந்தியப் பேரரசி பட்டம் ஏற்ற 1876க்குப் பிந்தையது. இந்தியத் தொடர்பைத் தேடத் தொடங்கலாம். வெறும் 'வி.ஆர்.' மட்டும் இருந்தால் அது லண்டனா, காலனியா என்று சொல்லிவிட முடியாது.

'ஜி.ஆர்.'தான் தலைவலி. 1830வரை நான்கு ஜார்ஜ்கள், அப்புறம் 1910இல் ஐந்தாம் ஜார்ஜ். முழு அரசச் சின்னமும் இருந்தால் கேடயத்தைப் பாருங்கள். பிரெஞ்சு லில்லிப் பூ இருந்தால் 1801க்கு முந்தையது. நடுவில் கிரீடம் வைத்த குட்டிக் கேடயம் இருந்தால் 1816 முதல் 1837க்குள். அது அப்போது பிரிட்டிஷ் அரசரே ஆண்ட ஜெர்மன் நாடான ஹனோவரின் சின்னம். அங்கே பெண்ணுக்கு அரியணை இல்லை என்பதால் விக்டோரியா காலத்தில் எடுத்துவிட்டார்கள்.

விக்டோரியா தடிகள் சந்தையில் ஓரளவு கிடைப்பதற்கு 1848ம் ஒரு காரணம். வாக்குரிமை கேட்ட தொழிலாளர் இயக்கமான சார்ட்டிஸ்டுகளின் பேரணிக்குப் பயந்து லண்டனில் பல்லாயிரம் பொதுமக்களைத் தடி ஏந்தும் தற்காலிகச் சிறப்புக் காவலர்களாகச் சேர்த்தார்கள். பின்னாளில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் ஆன லூயி நெப்போலியனும் அதில் பதிவு செய்துகொண்டவர்.

இந்த வகையின் உண்மையான ஆபத்து, பழைய மரத்தில் புதிதாகத் தீட்டிய சின்னம். லென்ஸ் வைத்து அடிபட்ட பள்ளங்களைப் பாருங்கள். அசல் வண்ணம் பள்ளத்தில் உடைந்தோ உதிர்ந்தோ இருக்கும். பள்ளத்துக்குள் சீராக இறங்கி, அடியில் குளம்போலத் தேங்கியிருந்தால் அடிபட்ட பிறகு பூசியது. வார்னிஷ் பழுப்பேறாமல் பளிச்சென்றிருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

மறுவிற்பனை பற்றி நான் சொல்வது சில ஏலங்களைக் கவனித்த அளவுக்கே: சின்னம் தெளிவாக உள்ள தடிக்கு ஆள் சீக்கிரம் கிடைக்கிறது. வெறும் தடியை, அதை ஏந்திய காவலரின் பணிப் பதிவோ தேதியிட்ட புகைப்படமோ கூடவே வந்தால் மட்டும் தயங்காமல் வாங்குவேன்.