கீமோ போர்ட்டோடு நடை, படி, வீட்டு வேலை: வேலூரிலிருந்து ஒரு நீண்ட கால அனுபவம்

வலது காறை எலும்புக்குக் கீழே போர்ட் வைத்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன், அப்புறம் ஃபால்ஃபாக்ஸ் என்ற மருந்துக் கூட்டில் கீமோ, அதுவும் முடிந்து இப்போது செக்கப்புக்கு மட்டும் போய் வருகிறேன், போர்ட் இன்னும் உள்ளேயே இருக்கிறது. போர்ட் வைத்தவர்கள் அசையவே கூடாது என்று நம் ஊரில் ஒரு பயம் இருக்கிறது, அந்தப் பயம்தான் பல பேரைக் கட்டிலிலேயே படுக்க வைக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன். என்னைப் பல நாள் உட்கார வைத்தது மருந்து, ரத்த அணுக்கள் குறைந்த நாட்கள், வேலூர் வெயில். போர்ட்டுக்காக நான் விட்டுக்கொடுத்தது ரொம்பக் கொஞ்சம்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கிட்டத்தட்டப் பத்து ரூபாய் நாணயத்தின் அகலத்தில், டைட்டானியத்திலோ கெட்டியான பிளாஸ்டிக்கிலோ செய்த ஒரு சின்னக் கிண்ணம், மேலே சிலிக்கோன் மூடி, அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கழுத்து ரத்தக்குழாய் வழியாகப் போய் இதயத்துக்கு மேலே இருக்கும் பெரிய நாளத்தில் முடிகிறது. எல்லாமே தோலுக்கு அடியில்தான். மருந்து ஏற்றும்போது மட்டும் ஹ்யூபர் ஊசி என்ற தனி வகை ஊசியைத் தோல் வழியாகக் குத்துவார்கள், அது சிலிக்கோனைத் துண்டாக வெட்டி எடுக்காது, எடுத்தவுடன் மூடி தானாக அடைத்துக்கொள்ளும். ஃபால்ஃபாக்ஸில் ஒரு மருந்து 46 மணி நேரம் தொடர்ந்து போக வேண்டும், இன்னொன்று கையில் உள்ள சின்ன நரம்பில் ஏற்றினால் எரிச்சலும் வலியும் தரும், அதனால்தான் போர்ட். கையில் ஊசிக்கு நரம்பு தேடி நாலைந்து இடத்தில் குத்து வாங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வைத்த முதல் சில நாட்கள் கழுத்துப் பக்கம் இழுக்கிற மாதிரி வலி, கன்றிப்போன நீல நிறம், தலையைத் திருப்பினால் ஒரு பிடிப்பு. எங்கள் வீட்டில் என் மாமியார் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "கையைத் தூக்காதேம்மா, உள்ளே ட்யூப் அறுந்துடும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் அன்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் பிசியோதெரபி சிஸ்டர் சொன்னது வேறு: கையை மார்போடு ஒட்டி வைத்தபடியே இருந்தால் தோள்மூட்டு இறுகிவிடும், அது போர்ட்டை விடப் பெரிய தொல்லை. சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏறுவது, தோளைப் பின்பக்கமாகச் சுழற்றுவது, இந்த இரண்டையும் சொல்லிக்கொடுத்தார். வெயிட் தூக்காமல், திடீரென்று வீசாமல், வலி வரும் இடத்தில் நிறுத்திக்கொண்டால் போதும். அத்தையையும் பக்கத்தில் நிற்க வைத்து அதே பயிற்சியைச் செய்யச் சொன்னேன், அவருக்கே தோள் வலி இருந்ததால் ஆர்வமாகச் செய்தார், அதோடு அந்தப் பயமும் வீட்டை விட்டுப் போனது.

காயம் ஆற பொதுவாக ஒன்று, இரண்டு வாரம் ஆகும். அதுவரை நனைக்கக் கூடாது, கனமாகத் தூக்கக் கூடாது, எப்போது தொடங்கலாம் என்பதை வைத்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர் எதையும் தொடாதே என்று எனக்கு நீண்ட நாள் தடை இருந்தது. எல்லோரும் அது போர்ட்டுக்காக என்று நினைத்தார்கள். உண்மையில் வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷனுக்காகத்தான், சீக்கிரம் கனம் தூக்கினால் அந்தத் தையல் வழியில் குடலிறக்கம் வரலாம். எந்தத் தடை எதற்காக என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். வயிறு ஆறிய பிறகு டாக்டரிடம் கேட்டுவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு முழங்கை மடக்கும் பயிற்சியில் தொடங்கினேன், பிறகு அரைக்குடம், பிறகு முழுக்குடம். இடுப்பில் குடம் வைப்பதை இடது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

அன்றாடத்தில் உறுத்தியவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். தாலிச் சரடு சரியாக போர்ட் மேட்டின் மீது உரசியது, நீளத்தைக் கூட்டிக்கொண்டேன். தோள் பையின் வார், ஜாக்கெட்டின் கழுத்து விளிம்பு, புடவைக்குக் குத்தும் ஊக்கு, இந்த மூன்றையும் இடது பக்கம் தள்ளிவிட்டேன். காரில் முன் சீட்டில் உட்கார்ந்தால் பெல்ட் எந்தப் பக்கத் தோளில் வரும் என்பதைப் பொறுத்து போர்ட் மேல் அழுத்தும். அதற்காகப் பெல்ட் போடாமல் போகாதீர்கள், நடுவில் ஒரு மடித்த காட்டன் துண்டு வைத்தால் சரியாகிவிடும். டவுன் பஸ்ஸில் மேலே உள்ள கம்பியைப் பிடித்துத் தொங்குவதை விட சீட்டின் கைப்பிடியைப் பிடிப்பது நல்லது, டிரைவர் பிரேக் போட்டால் முழு உடம்பும் அந்தத் தோளில் இழுபடும். யோகா செய்பவர்கள் குப்புறப் படுத்துச் செய்யும் புஜங்காசனம், தனுராசனம் இரண்டையும் அந்தப் பக்கம் அழுத்தம் வந்தால் விட்டுவிடலாம். நின்றும் உட்கார்ந்தும் செய்பவை எதுவும் எனக்குத் தொல்லை தரவில்லை.

அந்த 46 மணி நேர மருந்துக்காகப் பம்ப் போட்ட இரண்டு நாட்களைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். எனக்குக் கொடுத்தது பாட்டில் மாதிரி இருக்கும், உள்ளே ஒரு பலூன், அது சுருங்கச் சுருங்க மருந்து போகும், மின்சாரமோ பேட்டரியோ கிடையாது. அதை இடுப்பில் ஒரு துணிப்பையில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். ஊசி உள்ளே இருப்பதால் குனிந்து நிமிர்ந்து வீடு பெருக்குவது, துணி பிழிவது, குழந்தையைத் தூக்குவது எல்லாம் வேண்டாம், ட்யூப் எதிலாவது மாட்டி இழுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நடக்கலாம். நான் மொட்டை மாடியில் வெயில் சாய்ந்த பிறகு நடந்தேன். வெயில் சாய்ந்த பிறகு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: இந்த வகை பம்பில் சூடு ஏறினால் மருந்து வேகமாக ஓடும், குளிர்ந்தால் மெதுவாகும். மே மாத மத்தியான வெயிலில் அதோடு வெளியே அலையக் கூடாது, அடுப்புப் பக்கத்திலும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஊசி இருக்கும் இடத்தில் எரிச்சல், வீக்கம், ஈரம் தெரிந்தால் உடனே ட்யூபில் உள்ள கிளாம்ப்பை (அடைக்கும் கிளிப்பை) மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும்.

காந்தி ரோடு லாட்ஜ்களில் தங்கி சிகிச்சை எடுக்கும் வெளியூர்க்காரர்கள், குறிப்பாக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்கள், எங்கே நடப்பது என்று தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். லாட்ஜ் வராந்தாவில் கையில் பம்ப் பையோடு ஒரு அக்கா இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருப்பார், மொழி புரியாவிட்டாலும் சேர்ந்து நடப்போம். அந்தப் பத்து நிமிட நடைக்கு அன்றைய குமட்டலைக் கொஞ்சம் தள்ளிப்போடும் சக்தி இருந்தது.

ஃபால்ஃபாக்ஸில் உள்ள ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து போட்டவர்களுக்குக் குளிர் ஆகாது. ஏற்றிய முதல் சில நாட்கள் பானைத் தண்ணீர் குடித்தாலே தொண்டையில் முள் குத்துவது போல இருக்கும், மார்கழி விடியலில் இரும்பு கேட்டைத் தொட்டால் விரலில் ஷாக் அடிக்கும். அந்த நாட்களில் நடையை விடியற்காலையிலிருந்து மாலைக்கு மாற்றினேன், வெந்நீர் பாட்டில் எடுத்துப் போனேன். இன்னொன்று கால் மரத்துப்போவது. இது கீமோ முடிந்த பிறகும் சில மாதம் கூடிக்கொண்டே போகக்கூடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், எனக்கு அப்படித்தான் ஆனது. கால் மரத்துப்போனால் தரை மேடு பள்ளம் தெரியாது, கல் குத்தியதும் தெரியாது, சூடும் தெரியாது. செருப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை, பின்பக்கம் மூடிய, பிடிமானம் உள்ள ஷூதான். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைக் கையால் தடவி, கண்ணாடி வைத்துப் பார்த்துவிடுவேன்.

உடம்பு கொஞ்சம் தேறியதும் கோட்டைக்குப் போக ஆரம்பித்தேன். வேலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அகழி ஓரப் பூங்காவிலும் கோட்டைக்குள்ளும் காலையில் பாதி ஊர் நடக்கும். சமதளம், மர நிழல், களைத்தால் உட்கார இடம், கீமோ உடம்புக்கு இதை விட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியவில்லை. ஜலகண்டேஸ்வரர் கோயில் வாசல் வரை போய்த் திரும்புவதுதான் முதல் இலக்கு. கூட நடக்கும் ஒரு அம்மா, ஜாக்கெட் ஓரத்தில் மேடாகத் தெரிந்ததைப் பார்த்து, "இன்னாம்மா அது, கட்டியா?" என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன், அடுத்த நாளிலிருந்து என் வலது பக்கம் யாரும் இடிக்காமல் அவரே காவலாக நடந்தார்.

ஒவ்வொரு சுற்று கீமோவுக்குப் பிறகும் சுமார் 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் கோட்டைக் கூட்டத்துக்கும் ஜிம்முக்கும் போகாமல் மாடியோடு நிறுத்திக்கொண்டேன். தட்டணுக்கள் குறைவு என்று ரிப்போர்ட் வந்தால் சைக்கிள் வேண்டாம், விழுந்தால் ரத்தம் நிற்காது. ஹீமோகுளோபின் குறைந்தால் பத்துப் படிக்கே மூச்சு வாங்கும், அதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கீமோ முடிந்து மாதங்கள் ஆன பிறகு படி ஏறும் ஆசை வந்தது. முதலில் ரத்தினகிரி, மெதுவாக, உட்கார்ந்து உட்கார்ந்து. அப்புறம் சோளிங்கர் பெரிய மலை, 1305 படி. 2024 முதல் அங்கே ரோப் கார் ஓடுவதால் ஏறிவிட்டு இறங்கும்போது அதில் வரலாம் என்ற தைரியம் இருந்தது, முழங்காலுக்கும் மரத்த பாதத்துக்கும் இறக்கம்தான் கஷ்டம். வெறுங்காலில் ஏறுகிற மலை என்பதால் தடித்த சாக்ஸ் போட்டு, கல் சூடாகும் முன்பே ஏறி முடித்தேன். மலை முழுக்க போர்ட் இருக்கிறது என்ற நினைப்பே வரவில்லை. குரங்கு பையைப் பிடுங்க வந்தபோது மட்டும் கை தானாக மார்பை மறைத்தது.

நான் குடியாத்தம் பக்கக் கிராமத்துப் பெண், கிணற்றில் நீந்தி வளர்ந்தவள். காயம் முழுதாக ஆறி, ஊசி உள்ளே இல்லாத நாட்களில் போர்ட் வைத்தவர்கள் நீந்தலாம் என்றுதான் டாக்டரும் சொன்னார். கையில் வெளியே தொங்கும் பிக் லைன் என்ற குழாய் போட்டவர்களுக்கு அது முடியாது, இந்த ஒன்றுக்காகவே போர்ட்டை விரும்புகிறவர்கள் உண்டு. நான் அணுக்கள் சரியான பிறகு, சுத்தமான குளத்தில், மார்பு நீச்சல் மட்டும் அடித்தேன். கிணற்று மேட்டிலிருந்து குதிப்பதை விட்டுவிட்டேன், தண்ணீர் மார்பில் அறையும். கபடி, மல்யுத்தம் போல மார்பில் அடிபடும் விளையாட்டுகளும் வேண்டாம். போர்ட் குழாய் காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே போகும்படி வைத்திருந்தால், தோளைத் திரும்பத் திரும்ப வேகமாகச் சுழற்றும் வேலைகளில் குழாய் நசுங்க வாய்ப்பு உண்டு, கழுத்து வழியாக வைத்திருந்தால் அந்தக் கவலை இல்லை. பேட்மின்டன், வாலிபால் ஆடுகிறவர்கள் தங்களுக்கு எந்த வழியில் வைத்திருக்கிறார்கள் என்று அவசியம் கேளுங்கள்.

2025இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரில் ஒரு பாதிக்கு மூன்று வருடம் ஆள் வைத்து உடற்பயிற்சி, இன்னொரு பாதிக்குக் கையேடு மட்டும். ஐந்து வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 80.3 சதவீதம், மற்றதில் 73.9 சதவீதம். எனக்கு டாக்டர் இதைக் காட்டிய நாளிலிருந்து நடை என்பது பொழுதுபோக்கு இல்லை, மாத்திரை சாப்பிடுவது மாதிரி நேரம் பார்த்துச் செய்கிறேன்.

பராமரிப்பு சுலபம். பயன்படுத்தாத காலத்தில் சில வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட்டு உப்பு நீரும் ஹெப்பாரினும் செலுத்தி அடைப்பு வராமல் ஃப்ளஷ் செய்வார்கள், எத்தனை வாரம் என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். ஃப்ளஷ் முடிந்து சில மணி நேரத்தில் குளிர் நடுக்கம் வந்தாலோ, எப்போதாவது காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், நடுராத்திரியானாலும் கிளம்புங்கள். அந்தப் பக்கக் கையோ கழுத்தோ வீங்கினால் ரத்தம் உறைந்திருக்கலாம். போர்ட் மேலே சிவப்பு, சூடு, சீழ், தோல் மெலிந்து உலோகம் தெரிவது, இவற்றுக்கும் அதே அவசரம்தான். நடைக்குப் போகும்போது போர்ட் அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் வைக்கப் போகிறவர்கள் வைப்பதற்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். எந்தக் கையால் அதிகம் வேலை செய்வீர்கள், எந்தத் தோளில் பை மாட்டுவீர்கள், வண்டி ஓட்டுவீர்களா, என்ன விளையாடுவீர்கள், தாலிச் சரடு எங்கே விழும், ஜாக்கெட் கழுத்து எங்கே வரும் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். முடிந்தால் வழக்கமாகப் போடும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே போய் இடத்தைப் பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள். ஓரிரு விரல் தள்ளி வைப்பது பெரும்பாலும் அவர்களுக்குச் சிரமம் இல்லை.