மியூடெக்ஸ் தவறைப் பிடிக்க எது: ஜிடிபியா, டிசானா, ஹெல்கிரைண்டா?

மல்டித்ரெட் சி நிரல் (ஒரே நேரத்தில் பல த்ரெட்கள், அதாவது தனித்தனி ஓட்டங்கள், வேலை செய்யும் நிரல்) ஒன்று இரண்டு நாள் நன்றாக ஓடிவிட்டு மூன்றாம் நாள் அப்படியே உறைந்து நிற்கும். டாப் கட்டளையில் பார்த்தால் சிபியு பூஜ்யம். மியூடெக்ஸை, அதாவது பொதுத் தரவை ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் தொட விடும் பூட்டை (லாக்), தவறாகக் கையாண்டால் இப்படி ஆகும். இந்த நேரத்தில் பலரும் முதலில் கைவைப்பது பிரிண்ட்எஃபில்தான். நானும் ஒருமுறை லாக் எடுக்கும் இடத்திலெல்லாம் ஒரு பிரிண்ட்எஃப் போட்டேன். கோளாறு காணாமலே போய்விட்டது. பிரிண்ட்எஃப்பும் உள்ளுக்குள் எஸ்டிடிஅவுட்டுக்கு (திரை வெளியீட்டுக்கு) ஒரு லாக் எடுக்கிறது, த்ரெட்கள் ஓடும் நேரமே மாறிவிட்டது. அந்த வரிகளை நீக்கியதும் பழைய குருடி கதவைத் திறடி. அதனால் பிரிண்ட்எஃபை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

நிரல் இப்போதே, கண் முன்னால் ஹேங் ஆகி நிற்கிறதா? அப்படியானால் ஜிடிபி என்ற டீபக்கருக்கு ஈடில்லை. மறுபடி கம்பைல் செய்ய வேண்டாம், நிரலை மூடித் திரும்பத் தொடங்கவும் வேண்டாம். பிராசஸ் எண்ணைக் கொடுத்து ஒட்டிக்கொண்டு 'த்ரெட் அப்ளை ஆல் பிடி' என்று அடித்தால் எல்லா த்ரெட்களின் ஸ்டாக்கும் (எந்த ஃபங்ஷன் வழியாக எங்கே வந்து நிற்கிறது என்ற பட்டியல்) வந்துவிடும். (உபுண்டுவில் அனுமதி மறுத்தால் சூடோ போடுங்கள்.) பித்ரெட் மியூடெக்ஸ் லாக்கில் நிற்பவர்களைப் பொறுக்கி எடுத்து, அவர்கள் கேட்கும் மியூடெக்ஸை அச்சிட்டுப் பாருங்கள். லினக்ஸில் அதற்குள் ஓனர் என்று ஒரு எண் இருக்கும். 'இன்ஃபோ த்ரெட்ஸ்' கட்டளை ஒவ்வொரு த்ரெடுக்கும் காட்டும் எல்டபிள்யூபி எண்தான் அது. 4130 காத்திருக்கும் லாக்கின் ஓனர் 4131, 4131 காத்திருப்பதன் ஓனர் 4130 என்று வந்தால் ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்கும் வளையம், அதாவது டெட்லாக், கையில் கிடைத்துவிட்டது.

எனக்கு இன்னும் பிடித்தது வேறொரு காட்சி. ஓனர் எண்ணைப் பட்டியலில் தேடினால் அப்படி ஒரு த்ரெடே இருக்காது. லாக்கை விடாமலே அது முடிந்துபோயிருக்கிறது. நேராகப் போய்ப் பிழை வந்தால் ரிட்டர்ன் ஆகும் வழிகளைப் பாருங்கள். நினைவகம் கேட்ட மாலாக் தோற்று நல் கொடுத்ததும் அன்லாக் செய்யாமல் மைனஸ் ஒன்றைத் திருப்பிவிட்டுப் போன வரி ஒன்று எங்கோ இருக்கும்.

ஆனால் ஜிடிபி பிணப் பரிசோதனைதான். ஹேங் ஆன பிறகே பேசும். வருமுன் காக்க வேண்டுமென்றால் த்ரெட் சானிடைசர், அதாவது டிசான். அல்லது வால்கிரைண்டின் ஹெல்கிரைண்ட். இரண்டிலும் நல்ல விஷயம், டெட்லாக் உண்மையில் நடக்க வேண்டியதில்லை. ஒரு பாதை 'அ' எடுத்துவிட்டு 'ஆ'வையும், வேறொரு பாதை 'ஆ' எடுத்துவிட்டு 'அ'வையும் கேட்டால் போதும், வரிசை முரண் என்று எச்சரிக்கும். ஒரு நிபந்தனை: அந்த இரண்டு பாதையும் அந்த ஓட்டத்தில் ஓடியிருக்க வேண்டும். ஓடாத பாதையைப் பற்றி இரண்டுமே வாய் திறக்காது. த்ரெட்கள் லாக்கே போடாமல் ஒரே பொது மாறியைத் தொட்டு மாற்றினால் டேட்டா ரேஸ் என்றும் இரண்டும் கத்தும்.

தினசரி வேலைக்கு நான் டிசானைத்தான் எடுப்பேன், காரணம் வேகம். டிசானில் நிரல் பொதுவாக 5 முதல் 15 மடங்கு மெதுவாகும். ஹெல்கிரைண்டில் 100 மடங்கு என்பதும் சகஜம். போதாக்குறைக்கு வால்கிரைண்ட் ஒரு நேரத்தில் ஒரு த்ரெடைத்தான் ஓட விடும். டைம்அவுட் உள்ள நெட்வொர்க் நிரலை அதில் ஓட்டினால் லாக் தவறு வருவதற்குள் டைம்அவுட்கள்தான் வந்து குவியும். சி11 அட்டாமிக்குகளையும் (லாக் இல்லாமலே பாதுகாப்பாகத் தொடக்கூடிய மாறிகள்) டிசான் புரிந்துகொள்ளும். ஹெல்கிரைண்டுக்கு அவை புரியாமல் வீண் புகார் நிறைய வரும். டிசான் தரும் வரிசை முரண் அறிக்கை முதலில் பாதிதான் இருக்கும். 'செகண்ட் டெட்லாக் ஸ்டாக்' என்ற டிசான் அமைப்பை 1 ஆக்கி ஓட்டினால், முந்தைய லாக்கை எங்கே எடுத்தோம் என்பதும் தெரியும்.

சரி, ஹெல்கிரைண்ட் எதற்கு? டிசானுக்கு எல்லாவற்றையும் புதிதாகக் கம்பைல் செய்ய வேண்டும். மூல நிரல் இல்லாத லைப்ரரியை வைத்துக்கொண்டு தவிப்பவருக்கு ஹெல்கிரைண்ட்தான் கதி. ஏற்கெனவே கம்பைல் ஆகி இருக்கும் பைனரியையே ஓட்டலாம். ஏற்கெனவே வைத்திருக்கும் லாக்கை அதே த்ரெட் திரும்பக் கேட்டாலும், லாக்கை வைத்துக்கொண்டே த்ரெட் முடிந்தாலும் அது நேரடியாகச் சொல்லிவிடும். மேலே சொன்ன மாலாக் கதையும், அந்தப் பிழைப் பாதை ஓடியிருந்தால், ஹெல்கிரைண்டில் ஒரே ஓட்டத்தில் மாட்டியிருக்கும்.

நான்காவது வழி செலவே இல்லாதது, அதனாலோ என்னவோ யாரும் சீண்டுவதில்லை: மியூடெக்ஸின் வகையையே எரர்செக் என்று வைப்பது. சாதாரண மியூடெக்ஸை அதே த்ரெட் இரண்டாம் முறை கேட்டால் லினக்ஸில் அப்படியே தூங்கிவிடும்; எரர்செக் வகை ஈடெட்எல்கே என்ற பிழை எண்ணைத் திருப்பும். வேறு த்ரெட் வைத்திருக்கும் லாக்கை அன்லாக் செய்தால் ஈபெர்ம் என்ற பிழை எண். 'அ', 'ஆ' வளையம் மட்டும் இதற்குத் தெரியாது. இதற்குப் பதில், அதே த்ரெட் எத்தனை முறையும் எடுக்க விடும் ரிகர்சிவ் வகைக்கு மாற்றிவிடுவோரும் உண்டு. அது குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளும் வேலை: இரண்டு முறை எடுத்த லாக்கோடு கண்டிஷன் வெயிட்டுக்கு (லாக்கை விட்டுவிட்டு வேறு த்ரெடின் சமிக்ஞைக்குக் காத்திருப்பது) போனால் லாக் முழுதாக விடுபடாது, அப்புறம் அங்கே ஹேங்.

எரர்செக் போட்டும் பயனில்லை என்பவர்களின் நிரலில் பெரும்பாலும் லாக்கின் ரிட்டர்ன் மதிப்பை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தவர்களும் பிஎரர் போட்டிருப்பார்கள்; அது எர்நோ என்ற மாறியில் உள்ள பிழையைத்தான் அச்சிடும். பித்ரெட் ஃபங்ஷன்கள் எர்நோவைத் தொடுவதில்லை, பிழை எண்ணை நேராகத் திருப்புகின்றன. அதனால் டெட்லாக் பிழை வந்த இடத்தில் திரையில் பல நேரம் 'சக்சஸ்' என்று வந்து நிற்கும். நான் ஒரு மதியம் முழுக்க அந்த 'சக்சஸை' நம்பி உட்கார்ந்திருந்தேன்.